செருப்புக் கணக்கு

ஜனத்தை எண்ணிய ராஜாவுக்கு என்ன நேர்ந்தது, தெரியுமல்லவா
என்று கேட்பார் யோபு, எங்கள் கோயில்குட்டி.
தலைகளை எண்ணவே மாட்டார்.
பிரசங்கம் தொடங்கியதும் வாசலுக்குப் போய்
செருப்புகளை எண்ணி, இரண்டால் வகுத்து,
துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுவார்.
குறிப்பேட்டில் ஏற்றுவது செயலாளர் என் வேலை.

வங்கியில் மாற்றலாகி நான் ஓசூருக்கு வந்த வருடம்
அறுபத்திரண்டு ஜோடி.
மழையென்றால் நாற்பது.
பாகலூர் சாலையில் ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே
அங்கொன்று இங்கொன்றாகக் கம்பெனி.
இப்போது அந்த வாக்கியத்தைத்
திருப்பிப் போட்டு எழுத வேண்டும்.

போன ஈஸ்டருக்கு நானூற்றுப் பதினேழு ஜோடி,
ஒற்றைச் செருப்பு ஒன்று.
ஒற்றையை எப்படி எழுத, அரை ஆள் என்றா?
"முழுசா எழுதுங்கம்மா.
தேடிக்கிட்டாவது அடுத்த வாரம் வருவாங்க."

கமிட்டி மூன்று முறை கூடியது.
இடித்துவிட்டு மாடியோடு கட்டுவோம் என்றார்
பொருளாளர் கிருபாகரன்.
ஒரு கோடியே நாற்பது லட்சம், லிஃப்ட் நீங்கலாக.
ஷாமியானா போதும் என்றார் ஒருவர்.
இன்னொருவர், பெயரை நான் எழுதவில்லை,
"நம்ம ஜனத்துக்கே இடமில்ல,
இதுல வெளிமாநிலத்து ஆளுங்க வேற" என்றார்.

நம்ம ஜனத்தைச் சுற்றிப் பார்த்தேன்.
நாசரேத், ஆம்பூர், கோலார் தங்கவயல்,
மதுராந்தகத்திலிருந்து நான்.
ஓசூரிலேயே பிறந்தவள் அந்த அறையில்
டீ கொண்டுவந்த முனிரத்னம்மா மட்டும்தான்.
அவள் வீட்டில் தெலுங்கு.

ஜார்க்கண்டிலிருந்து வந்த ப்ரிஸ்கா கெர்கெட்டா
கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே
அந்த வியாழக்கிழமை கோயில் கேட்டைத் தட்டினாள்.
போனுக்குள் திருகாணி முடுக்குகிற வேலை,
விடுதியில் அறைக்கு எட்டுப் பேர்.
பாதி இந்தியில், பாதி விரல்களால் சொன்னாள்:
நீங்கள் கோயிலைத் திறக்கும்போது எங்களுக்கு ஷிஃப்ட்.
எங்களுக்கு ஷிஃப்ட் முடியும்போது கோயில் பூட்டு.

வங்கிக்காரி நான். அன்றிரவு கணக்குப் போட்டேன்.
வாரத்துக்கு நூற்றறுபத்தெட்டு மணி நேரம்,
அதில் நாங்கள் திறந்து வைப்பது ஆறு.
மிச்ச நேரமெல்லாம்
காலி பெஞ்சுகளைப் பத்திரமாகக் காத்துவந்திருக்கிறது
ஒரு திண்டுக்கல் பூட்டு.

தீர்மானம் முப்பத்தொன்று:
பகலில் கோயில் பூட்டப்படாது.
கரண்ட் பில் பற்றிப் பொருளாளர் கவலை தெரிவித்தார்.
அதையும் எழுதினேன்.

செவ்வாய், மதியம் மூன்று மணி.
காலை ஷிஃப்ட் பஸ் இறக்கிவிட்ட பெண்கள் இருபத்தைந்து பேர்.
ஐயர் இந்தியில் ஒரு ஜெபத்தை
உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார்; வியர்வையில் அழிந்துவிட்டது.
அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை.
அடுத்தது பிளக் பாயிண்ட்.
கோயிலில் இருந்தது ஒன்றே ஒன்று, கீபோர்டுக்கு.
அதில் மாற்றி மாற்றிச் சார்ஜ் ஏற்றி
யாரோ அம்மாவிடம், யாரோ தம்பியிடம்
பீடத்துக்குப் பக்கத்தில் குந்திப் பேசினார்கள்.
நாலு மணிக்கே எழுந்த கண்கள்.
ஃபேனுக்குக் கீழே ஒவ்வொருத்தியாகச் சாய்ந்து
பெஞ்சிலேயே தூங்கிப்போனார்கள்.
ஐயர் வாயைத் திறக்கவில்லை.
என் நினைவில் அவருடைய நல்ல பிரசங்கம் அதுதான்.

மாடி இன்னும் முடிவாகவில்லை.
கல்லறைக்கு இடம் கேட்டுத் தாலுகா ஆபீசில் மனு தூங்குகிறது.
ஞாயிற்றுக்கிழமை சந்து முழுக்க பைக்;
எதிர்வீட்டு நஞ்சப்பா சண்டைக்கு வருகிறார், நியாயமாக.

அன்று வாசலில் எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்பு ஷூ,
கம்பெனி கொடுத்தது.
எது யாருடையதென்று தெரியாமல்
யோபு இரண்டு முறை எண்ணினார்.
சீட்டை நீட்டினார்:
இருபத்தாறு ஜோடி.

இருபத்தைந்து பேர்தானே என்றேன்.

"என்னுதையும் சேர்த்தேன்.
இத்தனை வருசமா விட்டுப்போச்சு."